பஞ்சலிங்கமும் நாலு எஞ்சினும்

பொரளை மலர்ச்சாலை வாசலில் பிரேதத்தை ஏற்றி முடிந்தது. பின்னால் மலர்வளையங்களோடு நின்ற கெப் வாகனத்தைச் சாரதி ஸ்டார்ட் பண்ணியதும் பஞ்சலிங்கம் கண்ணை இறுக மூடினார். தலை ஒரு பக்கம் மெல்லச் சரிந்தது. இறந்தவரின் தம்பி அதைக் கண்டு மனம் கலங்கி, வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் உங்களை எப்பவும் விசாரிப்பார்" என்றார். பஞ்சலிங்கம் கண்ணைத் திறக்கவில்லை. ரகசியம்போலச் சொன்னார்: "ரெண்டு தசம் அஞ்சு. டேர்போ. மூண்டாவது இன்ஜெக்டர் தும்முது."

தம்பி கையை எடுத்துக்கொண்டார்.

பஞ்சலிங்கத்துக்கு வயது ஐம்பத்து நாலு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். தொழில், தொடர்மாடிகளின் தண்ணீர்த் தாங்கிகளைக் கழுவுவது. மொட்டைமாடியில் இருப்பது, நிலத்துக்குக் கீழே இருப்பது, இரண்டும்தான். கொழும்பில் ஏழாம் மாடியில் நின்று குழாயைத் திறந்து முகம் கழுவுகிறவர்கள் அந்தத் தண்ணீர் எங்கே தங்கி வந்தது என்று யோசிப்பதில்லை. பஞ்சலிங்கம் அதைப் பார்த்தவர். உள்ளே என்ன கிடந்தது என்று விவரமாகச் சொல்லவும் ஆயத்தமாக இருப்பார். சாப்பாட்டு நேரத்தில் கேட்காமல் விடுவது நல்லது.

அவர் ஓரிடத்தில் இருக்கிற ஆள் இல்லை. தேத்தண்ணியை நடந்துகொண்டுதான் குடிப்பார். தப்பித் தவறி மேசையில் இருந்துவிட்டால் வலது முழங்கால் ஆடத் தொடங்கும். மேசையும் சேர்ந்து ஆடும். அந்த வீட்டில் சீனி கலக்கக் கரண்டி தேவையில்லை என்று மனைவி ரஜனி சொல்வார். ரஜனிதான் தொழிலின் மூளை: தொலைபேசி, திகதி, பற்றுச்சீட்டு எல்லாம் அவர் கையில். பஞ்சலிங்கம் அதன் கால். தோள் யாருடையது என்பதைப் பிறகு பார்ப்போம்.

பத்து மாதமாக அவர் ஒரு கெப் தேடுகிறார். பின்னால் சாமான் ஏற்றுகிற, நடப்பில் இருக்கிற, ஏற்கெனவே ஒருவர் பாவித்த கெப். கொழும்பில் இதை ஒரு மனிதன் ஒரு கிழமையில் முடிப்பான். கொஞ்சம் யோசிக்கிறவன் ஒரு மாதம் எடுப்பான். பஞ்சலிங்கம் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினார். அதில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். எஞ்சினின் அளவு, இழுவை, குடிக்கிற டீசல், பாஸ்மாரின் கருத்து என்று நாலு நிரல்கள். மெக்கானிக்கைக் கொழும்பில் பாஸ் என்பதுதான் மரியாதை. ஐந்தாவதாக ஒரு நிரல் உண்டு. அதற்குத் தலைப்பு "மனம்". பத்து மாதமும் அந்த நிரல் வெறுமையாகவே கிடந்தது.

கொப்பியில் நாலு எஞ்சின்கள் குடியிருந்தன.

முதலாவது, மூன்று லீற்றர் டீசல், டேர்போ இல்லாத பழைய வகை. "எருமை" என்று அதற்குப் பேர் வைத்திருந்தார். மெதுவாக எழும்பும், மெதுவாகப் போகும், கெட்ட டீசல் ஊற்றினாலும் கோபிக்காது. இரண்டாவது, இரண்டு தசம் ஐந்து லீற்றர், டேர்போ பூட்டியது. சின்ன வயிறு, பெரிய மூச்சு. ஆனால் இன்ஜெக்டர் ஒன்று போனால் நாலையும் மாற்றச் சொல்லுவார்கள். மூன்றாவது, இரண்டு தசம் நாலு, புதுசு. சத்தமே வராது. அதுவே அவருக்குச் சந்தேகம். "சத்தம் போடாத எஞ்சினும் சத்தம் போடாத சம்பந்தியும் உள்ளுக்கு என்ன நினைக்குதுகள் எண்டு தெரியாது" என்பார். நாலாவது பெற்றோல். அதை அவர் நீதிக்காகச் சேர்த்திருந்தார். எல்லாத் தேர்தலிலும் கட்டுப்பணம் இழக்க ஒருவர் நிற்க வேண்டும் அல்லவா?

புதுசின் கதை மே மாதத்தோடு முடிந்தது. முடித்துவைத்தவர் தெமட்டகொடையில் ரயில் தண்டவாளங்களுக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் மஷூர் நானா. டீசல் பம்ப் விஷயத்தில் அவருடைய சொல்லை மீறுகிறவர்கள் கொழும்பு வடக்கில் குறைவு. அவர் அந்தக் கெப்பின் அடியில் படுத்து எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பஞ்சா, இதுக்குப் பின்னுக்கு ஒரு கரி வடி ஈக்கி. பொகைல வாற கரிய புடிச்சி வெக்கிற. நெறஞ்சா சாமான் மூச்சு முட்டும். கெழமைக்கு ஒருக்கா ஹைவேல ஏத்தி நாப்பது நிமிஷம் நல்லா ஓட்டணும். அப்பத்தான் உள்ளுக்கே எரிஞ்சி துப்புரவாகும்."

"ஹைவேக்கு நான் ஏன் போறன், நானா? எனக்கு அங்கை ஒரு தாங்கியும் இல்லை."

"வேல இல்லாட்டியும் போகணும். காத்து வாங்க."

வீட்டுக்கு வந்து இதை ரஜனியிடம் சொன்னார். ரஜனி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "கலியாணம் கட்டி இருவத்தெட்டு வரியம். என்னை ஒருக்கா நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. உந்தக் கெப்பைக் கிழமைக்கு ஒருக்காக் காத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போகப்போறியளோ?" என்று கேட்டார். மூன்றாவது எஞ்சின் கொப்பியில் வெட்டப்பட்டது. பெற்றோலும் கூடவே போனது. வழித்துணைக்கு.

மிஞ்சியவை இரண்டு. எருமையும் டேர்போவும். இங்கேதான் பஞ்சலிங்கம் ஒரு தவறு செய்தார். இரண்டாவது பாஸ் ஒருவரைப் பிடித்தார்.

அவர் கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பக்கம் கராஜ் வைத்திருக்கும் விமலே பாஸ். அறுபது வயது, வாயில் எப்போதும் வெற்றிலை. டேர்போ என்ற சொல்லைக் கேட்டால் போதும், துப்பிவிட்டு வந்துதான் கதைப்பார். "மாத்தயா, ஏக கன்ன எபா" என்பார். அதை வாங்காதே என்பதைச் சிங்களத்தில் இத்தனை துக்கத்தோடு வேறு யாராலும் சொல்ல முடியாது. மஷூர் நானாவோ டேர்போ பக்கம். "அந்தக் கெழட்டு மூணு லீட்டர எடுத்தா நீங்க காலி ரோட்டுல பஸ்ஸுக்குப் பொறத்தால பொகை குடிச்சிக்கிட்டே போகணும்" என்பார். பஞ்சலிங்கம் காலையில் தெமட்டகொடையில் கேட்டதை மத்தியானம் கொலன்னாவையில் சொல்லுவார். கொலன்னாவையில் கேட்டதை அடுத்த நாள் தெமட்டகொடைக்குக் கொண்டுபோவார். ஒருவரையொருவர் கண்ணால் காணாத இரண்டு பாஸ்மாரும் இப்போது பரம எதிரிகள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து பஞ்சலிங்கம் போகிற ஆகத் தூரமான இடம் கொட்டாஞ்சேனை. காலையில் வெளிக்கிட்டால் கொள்ளுப்பிட்டியில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம், புறக்கோட்டையில் இன்னொன்று குடிக்கலாம், வாகனத்தை விட்டு இறங்காமலே; நெரிசல் அப்படி. அந்த வழியில் வருகிற ஆகப் பெரிய ஏற்றம் ஏதாவது ஒரு தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்துச் சரிவு. ஆனால் கொப்பியில் பாருங்கள்: "முந்நூற்றி நாற்பத்து மூன்று நியூட்டன் மீற்றர், ஆயிரத்து நானூறு சுற்றிலேயே." மலையைக் கயிறு கட்டி இழுக்கப் போகிறவர்போல.

ஏன் இந்த ஆட்டம் என்று கேட்டால் ரஜனி பதில் சொல்லமாட்டார். அது வீட்டில் கதைக்காத கதை. வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்ததால் இங்கே சொல்லலாம்.

பஞ்சலிங்கத்திடம் முன்பு ஒரு கெப் இருந்தது. நல்ல கெப். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடே வரிசையில் நின்றபோது அவரும் தெஹிவளைப் பக்கம் ஒரு டீசல் வரிசையில் நின்றார். மூன்று பகல், மூன்று இரவு. ரஜனி சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தார். நாலாம் நாள் காலை ஒரு ஆள் வரிசையோடு நடந்து வந்தார். வெள்ளைச் சேட்டு, கையில் குடை. ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி, "விக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். இருக்க முடியாத மனிதனை மூன்று நாள் இருக்கவைத்தால் என்ன நடக்கும்? பஞ்சலிங்கம் பத்தே நிமிடத்தில் தீர்மானித்தார். கெப்பை விற்றார். வரிசையில் நின்ற இடத்தோடு சேர்த்து விற்றார். சாவியைக் கொடுத்து, "ஹேண்ட் பிரேக் கொஞ்சம் இறுக்கம், பாத்து" என்று புத்தியும் சொல்லிவிட்டு, காலாற நடந்தார். வெள்ளவத்தைக்குள் போகும் பாலத்தை அவர் இன்னும் தாண்டவில்லை. டீசல் பவுசர் ஹோர்ன் அடித்துக்கொண்டு அவரைக் கடந்து வரிசைப் பக்கம் போனது.

அதற்குப் பிறகு வாகனங்கள் நாட்டுக்குள் வராத காலம் நீண்டது. பழைய கெப்புகளின் விலை ஏறிய ஏற்றத்தை எந்த எஞ்சினும் ஏறியிராது. தான் விற்ற கெப்பை அவர் இரண்டு தடவை கண்டிருக்கிறார். இரண்டு தடவையும் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார். பத்து நிமிடத்தில் எடுத்த முடிவு அவரைச் சுட்டது. ஆகவே இந்தத் தடவை பத்து மாதம்.

இதற்கிடையில் வேலை எப்படி நடந்தது? ஓட்டோவில். தாங்கி கழுவும் சாமான்கள் லேசானவை அல்ல. சேற்றுத் தண்ணீர் இழுக்கும் பம்ப், அழுத்தத்தில் பீச்சும் மெசின், இரண்டு சுருள் ஹோஸ், ஏணி, வாளி, மருந்து. ஏணி ஓட்டோவின் கூரையில். ஹோஸ் பின்னால். பம்ப் சுமனின் மடியில்.

சுமன் பஞ்சலிங்கத்தோடு பதினோரு வருடமாக இருக்கிறான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது கொட்டாஞ்சேனையில் மனைவி பிள்ளையோடு ஒரு அறை. நாற்பது வயதுக்காரன். தாங்கிக்குள் இறங்குவது அவன். மேலே நின்று "பாத்து, பாத்து" என்பது பஞ்சலிங்கம். சுமனுக்குக் கனரக வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரமும் உண்டு. இந்தப் பத்து மாதத்தில் பஞ்சலிங்கம் எஞ்சினைப் பற்றி அவனிடம் மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறார். கேட்டதில்லை.

சென்ற மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு பெரிய வேலை வாய்த்தது. ஒரே நிர்வாகத்தின் கீழ் ஆறு தொடர்மாடிகள். மாதா மாதம் ஒன்று, வருடம் முழுக்க. செயலாளர் உஷாந்தி, வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ரஜனியிடம் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னார்: "ஓட்டோவிலை வந்து பத்து மணி வேலையை ஒரு மணிக்குத் தொடங்கிற கதை எங்களுக்குச் சரிவராது. சொந்த வாகனம் இருக்கவேணும். சனிக்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவந்து காட்டுங்கோ. இல்லாட்டி மற்றக் கொம்பனிக்குக் குடுத்திடுவம்."

மற்றக் கொம்பனி சுமனையும் அழைத்திருந்தது. புதன்கிழமை, பாமன்கடையில் ஒரு தாங்கியை முடித்துவிட்டுப் படியில் இருந்து பன் தின்றுகொண்டு சுமன் அதைச் சொன்னான். ஒளிக்கத் தெரியாதவன்.

"அவங்ககிட்ட வேன் இருக்காம்ணே. திங்கக்கெழம வரச் சொல்றாங்க. நான் ஒன்னும் சொல்லல."

"நீ என்னடா சொல்லப்போறாய்?"

"சனிக்கெழம வண்டி வந்தா இங்க. வரலன்னா..." பன்னைப் பார்த்துக்கொண்டே நிறுத்தினான். "எனக்கும் புள்ள இருக்குல்லண்ணே."

அன்றைக்கு இரவு பஞ்சலிங்கம் வீட்டுக்குள் நடந்த நடையைக் கீழ்மாடிக்காரர் தடியால் கூரையைத் தட்டி நிறுத்த வேண்டி வந்தது. ரஜனி அவரைக் கொப்பியோடு குந்தவைத்துச் சொன்னார்: "இஞ்சாருங்கோ. ஆறு கட்டடமும் போனால் போகட்டும். சுமன் போனால் தாங்கிக்குள்ளை ஆர் இறங்கிறது? நீங்களோ? உங்களை இறக்கினால் அந்தத் தண்ணி அடையாது, கலங்கிக்கொண்டே நிக்கும்."

வெள்ளிக்கிழமை காலை மஷூர் நானாவின் குரல் தொலைபேசியில் துள்ளியது. "பஞ்சா, ஓடி வாங்க. எங்கட ஹமீமா ராத்தாட வீட்டுல ரெண்டு கெப் நிக்குது. ஒண்டு மனுசன்ட, மத்தது மகன்ட. ஒண்டு மூணு லீட்டர். ஒண்டு ரெண்டர டேர்போ. ஒரே முத்தத்துல. இத விட என்ன வேணும்? மூணு மணிக்கு கம்பஹாவுல இருந்து ஒரு ஆள் வாறான். அதுக்கு முந்தி சொல்லணும்."

சுமனையும் கூட்டிக்கொண்டு பஞ்சலிங்கம் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார். தெமட்டகொடையில் ரயில் பெட்டிகள் தூங்கும் மதிலுக்கு அடுத்த வீடு. முற்றத்தில் இரண்டு கெப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெள்ளை, மூன்று லீற்றர். சாம்பல், டேர்போ. மஷூர் நானாவுக்கு அக்கா முறையான ஹமீமா ராத்தா வாசலில் கதிரை போட்டு இருந்தார். கணவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, உள்ளே படுக்கை. மகன் கட்டாருக்குப் போகிறான். ராத்தாவுக்குப் பின்னேரம் ஒரு கலியாண வீடு. அவர் அதற்கு ஆயத்தமாகச் சேலை கட்டி முடித்திருந்தார்.

மஷூர் நானா வேலையைத் தொடங்கினார். இரண்டு எஞ்சினும் குளிர்ந்திருப்பதை உறுதிசெய்துவிட்டுத்தான் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் பண்ணினார். எண்ணெய் மூடியைத் திறந்து அதன் வாயில் கையை வைத்துப் பார்த்தார். புகைக்குழலில் வெள்ளைக் கடதாசி பிடித்தார். எருமை கடதாசியில் கொஞ்சம் கரி துப்பியது. டேர்போ துப்புரவாக மூச்சு விட்டது. "பாருங்க, பூப் போல" என்றார் மஷூர் நானா.

பஞ்சலிங்கம் கொப்பியைத் திறந்தார். மூடினார். வெள்ளையைச் சுற்றி வந்தார், சாம்பலைச் சுற்றி வந்தார், இரண்டுக்கும் நடுவில் புகுந்து எட்டுப்போல நடந்தார். பிறகு, யாரும் தடுக்க முன், கைத்தொலைபேசியை எடுத்து கொலன்னாவைக்கு அழைத்து, டேர்போ எஞ்சினுக்கு மேலே நீட்டிப் பிடித்தார்.

"விமலே பாஸ், கேக்குதா? சத்தே அஹன்ன, சத்தத்தைக் கேளுங்கோ!"

கொலன்னாவை ஒரு கணம் கேட்டது. துப்புகிற சத்தம் வந்தது. பிறகு ஒலிபெருக்கியில் முற்றம் முழுக்கக் கேட்கும்படி: "எபா மாத்தயா! எபா!"

மஷூர் நானாவின் கை கடதாசியோடு அப்படியே நின்றது. "இது யாரு?"

"அது... ஒரு தெரிஞ்ச ஆள்."

"ஓ. அப்ப ஏழு மாசமா நான் சொல்லுறதுக்கெல்லாம் எதிர்ப்பேச்சு வாறது இந்த மனுசன்ட வாயில இருந்தா?" தொலைபேசியைப் பறித்தார். "ஹலோ! பாஸ் உன்னெஹே! நீங்க எஞ்சின போன்ல பாக்குற ஆளா? பல்லயும் போன்ல புடுங்குவீங்களா?" சிங்களத்திலும் தமிழிலும் கலந்து அடுத்த பத்து நிமிடம் நடந்த விவாதத்தில் டேர்போவின் பிறப்பு, வளர்ப்பு, பரம்பரை எல்லாம் அலசப்பட்டன. இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டே இருந்தன. பஞ்சலிங்கம் ஒருவர் சொல்லும்போது சாம்பலுக்கும், மற்றவர் சொல்லும்போது வெள்ளைக்குமாக நகர்ந்துகொண்டிருந்தார். மணி இரண்டரை.

"மஷூர்" என்றார் ஹமீமா ராத்தா. சத்தமாக அல்ல. "அந்த போன வெச்சிடு. எஞ்சின் ரெண்டயும் நிப்பாட்டு."

முற்றம் அமைதியானது. மதிலுக்கு அப்பால் ஒரு ரயில் பெட்டி மற்றதோடு இடிபட்டது.

"தம்பி, இங்க பாருங்க" என்றார் ராத்தா பஞ்சலிங்கத்திடம். "எண்ட மனுசன் இருவது வருசம் இந்த வெள்ளேல புறக்கோட்டேல இருந்து வெங்காயம் ஏத்தின. நீங்க என்னத்த ஏத்தப் போற?"

"பம்ப், ஹோஸ், ஏணி... தாங்கி கழுவிற சாமான்கள்."

"எவ்வளவு பாரம்?"

பஞ்சலிங்கம் வாயைத் திறந்தார். முந்நூற்றி நாற்பத்து மூன்று நியூட்டன் தெரியும். ஆயிரத்து நானூறு சுற்றுத் தெரியும். சிலிண்டரின் விட்டம் தெரியும். கொப்பியைப் புரட்டினார். பின்பக்கம்வரை புரட்டினார்.

"எரநூத்திப் பன்னெண்டு கிலோ" என்றான் சுமன்.

அவன் மதிலோரம் குந்தியிருந்தான். எல்லோரும் திரும்பியதும் எழுந்து நின்றான்.

"பம்ப் நாப்பத்தெட்டு. மெசின் நாப்பத்தி ஒன்னு. ஹோஸ் ஒன்னு முப்பத்தி ஒன்னு, ரெண்டும் அறுவத்தி ரெண்டு. ஏணி இருவத்திரெண்டு. மருந்து, வாளி இருவத்தேழு. கயிறு, லைட்டு பன்னெண்டு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் பஞ்சலிங்கம்.

"போன வருசம் தோளு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன்லண்ணே. டொக்டரு என்ன வெயிட்டு தூக்குறன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். போயி நிறுத்துட்டு வான்னாரு." சுமன் இடது தோளைத் தொட்டான். அவனுக்கே தெரியாமல் தொட்டிருப்பான். "புறக்கோட்டைல ஒரு வெங்காயக் கடைல தராசு குடுத்தாங்க. ஒவ்வொன்னா நிறுத்தேன்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஒத்த ஆளா தூக்காதன்னாரு."

உள்ளே படுக்கையிலிருந்து ராத்தாவின் கணவர் இருமினார்.

"எரநூறு கிலோக்கா இந்தப் பாடு?" என்றார் ஹமீமா ராத்தா. "எண்ட மனுசன் ஒண்டர தொன் ஏத்தின. ரெண்டுல எத எடுத்தாலும் இழுக்கும் தம்பி. ஆட்டுக்குட்டிய ஏத்தவா யானை பாக்குறீங்க? சரி, ஓட்டுறது யாரு?"

பஞ்சலிங்கம் சுமனைக் காட்டினார்.

"அப்ப அவர்ட கேளுங்க. எனக்கு கலியாண வீட்டுக்கு நேரமாகுது."

பத்து மாதத்தில் முதல் தடவையாகப் பஞ்சலிங்கம் கேட்டார். "சுமன், உனக்கு எது?"

சுமன் எந்தக் கெப்பிலும் ஏறவில்லை. முன்பக்கமே போகவில்லை. சாம்பலின் பின்கதவைத் திறந்து அதன் தளத்துக்குப் பக்கத்தில் நின்றான். அது அவன் நெஞ்சுவரை வந்தது. புதிய வடிவம், உயரமான சக்கரம். பிறகு வெள்ளையின் பின்கதவைத் திறந்தான். தளம் இடுப்புக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பம்பை நிலத்திலிருந்து தூக்கி அதில் வைப்பதுபோலக் கையைக் கொண்டுபோனான். இன்னொரு தடவை செய்தான்.

"இது தாழ இருக்குண்ணே" என்றான். "இதுன்னா தோளுக்கு மேல போகாது."

மஷூர் நானா எதையோ சொல்ல வந்தார். டேர்போ என்று வாய் குவிந்தது. சுமனின் கையைப் பார்த்தார். கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஞ்சலிங்கம் மணியைப் பார்த்தார். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ராத்தா சாவியை நீட்டினார். அந்தச் சாவியை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள், ஆள் குளிர் தண்ணீருக்குள் இறங்குகிறார் என்று நினைத்திருப்பார்கள். "இதை எடுக்கிறம்" என்றார். சொன்ன பிறகு வீதிப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குடையோடு வருகிறவர் யாரும் இல்லை.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு வெள்ளைக் கெப் கொட்டாஞ்சேனையில் அந்தத் தொடர்மாடியின் நிலத்தடித் தரிப்பிடத்தில் நின்றது. பஞ்சலிங்கம் பேச்சு ஒன்று ஆயத்தப்படுத்தியிருந்தார். மூன்று லீற்றர் ஏன், டேர்போ ஏன் வேண்டாம், இன்ஜெக்டரின் ஆயுள் எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தன. உஷாந்தி கீழே வந்தார். கையில் ஒரு கோப்பு, மூக்கில் வாசிப்புக் கண்ணாடி.

"வணக்கம் மிஸ். இது மூண்டு லீற்றர். இதிலை என்ன விசேஷம் எண்டால்..."

"உங்கட பேரிலையோ?"

"ஓம், எழுத்து வேலை நடக்குது. இந்த எஞ்சின் வந்து..."

உஷாந்தி இலக்கத் தகட்டைத் தொலைபேசியில் படம் எடுத்தார். பின்கதவில் சாய்ந்து உள்ளே சாமான்களைப் பார்த்தார். ஏணி கட்டியிருந்த முடிச்சை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. "ஆர் கட்டினது?"

"நானுங்க மிஸ்" என்றான் சுமன்.

"நல்லது. திங்கக்கிழமை ஏழரைக்கு முதல் கட்டடம். பிந்தவேண்டாம்." கோப்பில் ஒரு கோடு கீறிவிட்டு மின்தூக்கிக்குள் போனார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் வராது.

பஞ்சலிங்கம் மூடிய மின்தூக்கிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு வார்த்தை கேக்கேல்லை பார்த்தியோ? எத்தினை லீற்றர் எண்டுகூட..."

"அண்ணே, ஏறுங்க. வெளிய எடுக்கணும், பின்னுக்கு ஒரு கார் நிக்குது."

சுமன் சாரதி ஆசனத்தில். பஞ்சலிங்கம் இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். சுமன் கண்ணாடியைச் சரிசெய்து, முதல் கியர் போட்டு, அவசரமில்லாமல் மேலே எடுத்தான். வெளியே போகும் சரிவு செங்குத்தானது, நடுவில் ஒரு வளைவும் இருந்தது. எஞ்சின் ஒரு சத்தம் மாறாமல், கனத்த குரலில், ஏறிக்கொண்டே போனது. வெளிச்சம் கண்ணாடியில் விழும்வரை பஞ்சலிங்கத்தின் வலது கால், ஆக்சிலரேட்டர் இல்லாத வெறும் ரப்பர் விரிப்பை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டே இருந்தது.